பாதி வாக்கியத்துக்கு வரி

தமயந்திக்கு அன்று ஒப்பீட்டு வரி இருபத்திரண்டு சதவீதம் விழுந்தது. வாங்கியது ஒரு சாம்பல் நிறச் சேலை. அதே சேலையை ஒன்பது நாளுக்கு முன்னால் வாங்கிய சாருலதாவுக்கு விழுந்தது பூஜ்யம். சாருலதாவுக்கு எப்போதுமே பூஜ்யம்தான். அது ஆபீஸுக்கே தெரியும்.

தமயந்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திரையில் இருந்த ரசீதைச் சட்டென்று மூடினாள். பக்கத்து இருக்கையில் சாருலதா அந்தச் சாம்பல் சேலையைத்தான் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நிறம் யாருக்காவது எடுக்குமா, சொல்லுங்கள். கல்யாண வீட்டில் பந்திக்குத் தட்டி கட்டுகிற துணி அது. ஆனால் அந்தப் பெண் கட்டியதும் அதுவே ஓர் அழகாகிவிட்டது. ஒன்பது நாளாக அந்த நிறம் தமயந்தியின் கண்ணிலேயே நின்றது. தன்னிடம் மட்டும் ஏன் அது இல்லை என்று வயிறு எரிந்தது. கடைசியில் வாங்கிவிட்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், 'சேலைச்சந்தை' என்கிற இணையக் கடை. சேலை, பை, தோடு எல்லாம் விற்பார்கள். அந்தக் கடையின் கார்ட்டில் வரி சரியாக விழும்படி பார்த்துக்கொள்வது தமயந்தியின் வேலை. பதினோரு வருஷமாக அதே நாற்காலி. சாருலதா வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, வயது இருபத்தைந்து.

போன் அடித்தது. வரி பற்றிக் கேட்கிறவர்களை இவளிடம்தான் திருப்பிவிடுவார்கள்.

"ஏனுங், சேலைச்சந்தைங்களா? நான் பல்லடத்துல இருந்து பேசறனுங். ஒரு சேலை எடுத்தேன். ரெண்டு ஜி.எஸ்.டி. வரியும் போட்டுட்டு, அதுக்குக் கீழ எச்சாவா பதினாறு சதவீதம் போட்டிருக்கீங்க. எதுக்குங் அது?"

"அது ஒப்பீட்டு வரிங்க்கா. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் சமீபத்துல இதே சேலைய எடுத்தாங்களா?"

"என்ற ஓரகத்தி எடுத்தா. நல்லா இருந்துச்சு, நானும் எடுத்தேன். இதுல கவருமெண்டுக்கு என்னங் கஷ்டம்?"

"அதுக்குத்தானுங்க்கா வரியே. நமக்குத் தேவைன்னு வாங்குனா கெடையாது. அடுத்தவங்களப் பாத்து வாங்குனா உண்டு."

"நான் அவளப் பாத்துத்தான் வாங்குனேன்னு உங்க கார்ட்டுக்கு எப்படிங் தெரியும்?"

"அவங்க போட்டோவுல எவ்வளவு நேரம் நின்னீங்க, அவங்க வாங்கி எத்தன நாள்ல நீங்க வாங்குனீங்க, வாங்கறப்ப வாயால என்ன சொன்னீங்க, எல்லாத்தையும் சேத்துக் கணக்குப் போடுமுங்க்கா."

"சரி, என்ற ஓரகத்திக்கு எத்தன போட்டீங்க?"

"அதச் சொல்லக் கூடாதுங்க்கா."

"பூஜ்யமாத்தான் இருக்கும். அவளுக்கு மட்டும் எல்லாமே அப்படித்தான் வாய்க்கும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள்.

தமயந்திக்கு அந்தக் குரல் வேறு யாருடையதாகவும் படவில்லை. தன் மனசே பல்லடத்திலிருந்து போன் போட்டது என்றுதான் நினைத்தாள்.

ஒப்பீட்டு வரிச் சட்டம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அடுத்த வீட்டைப் பார்த்துப் பார்த்து வாங்கியே ஊரெல்லாம் குப்பை மலையாகிறது, அதற்கு ஒரு கடிவாளம் போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நோக்கம் என்னவோ நல்லதுதான். வருஷம் முழுக்க ஒரு ரூபாய்கூட ஒப்பீட்டு வரி விழாதவர்களுக்குப் பூஜ்யச் சான்று என்று ஒரு காகிதம் தந்தார்கள். அங்கேதான் வினையே ஆரம்பித்தது. ஜனங்கள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் 'பூஜ்யம் உள்ளவர் மட்டும்' என்று வந்தது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் அட்வான்ஸுக்கு முன்னால் சான்றைக் கேட்டார்கள். பொறாமையை ஒழிக்க வந்த சட்டம், பொறாமைப்பட ஒரு புதுச் சாமானைக் கொடுத்துவிட்டுப் போனது.

தமயந்திக்கு அந்தச் சாமான் கிடைக்கவே இல்லை. சாருலதா வருஷா வருஷம் வாங்கினாள். முதலாளி குழந்தைவேல் அதை நகல் எடுத்து வரவேற்பில் மாட்டியும் வைத்தார்.

சாருலதாவின் சேலைமேல் பொறாமைப்படலாம். தோடுமேல் பொறாமைப்படலாம். ஆனால், பொறாமையே இல்லாமல் இருக்கிறாளே என்று ஒருத்திமேல் பொறாமைப்படுவது இருக்கிறதே, அது பொல்லாத வியாதி. எதை வாங்கியும் அதை ஆற்ற முடியாது.

இந்த நிலையில்தான் குழந்தைவேல் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். பெரிய கடைகளெல்லாம் இனிமேல் 'வரிப் பொறுப்பாளர்' என்று ஒருவரை நியமிக்க வேண்டுமாம். யார் யாரைப் பார்த்து என்ன வாங்கினார்கள் என்கிற முழுப் பட்டியலும் அவர் கையில் இருக்கும். தனி அறை, கையெழுத்து அதிகாரம், நல்ல சம்பளம்.

"அடுத்தவங்க பொறாமைய எல்லாம் பாக்கற வேலை. அதனால அந்த ஆளுக்குப் பொறாமை இருக்கக் கூடாதுன்னு கவருமெண்டு சொல்லுது" என்றார் அவர். "பூஜ்யச் சான்று இருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல. யாருமே இல்லீன்னாத்தான் சீனியர். நம்மகிட்ட சாரு இருக்குது. ஒண்ணாந் தேதியில இருந்து சாரு பாத்துக்கும். ஏம்மா தமயந்தி, உனக்கு ஒண்ணும் வெசனமில்லையே?"

"எனக்கென்னங் சார் வெசனம்?" என்று தமயந்தி சிரித்தாள். சிரித்து முடித்தபோது தாடை வலித்தது.

பதினோரு வருஷம்! சட்டம் வந்த வாரத்தில் வீட்டுக்குக்கூடச் சரியாகப் போகாமல் இந்தக் கார்ட்டுக்கு வரி போடக் கற்றுக்கொடுத்தவள் அவள். வரித்துறை அனுப்பிய பொதுக் கணக்கு நிரலுக்குக் கொங்குத் தமிழ் ஒரு வார்த்தை புரியாது. 'அவளாட்ட' என்றால் ஒப்பீடு, 'அதே கணக்கா' என்றால் ஒப்பீடு, 'சும்மா பாத்தேன்' என்றால் ஒப்பீடே இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தவள் அவள். அப்போது இந்தச் சாருலதா காலேஜில் உட்கார்ந்திருந்தாள். இப்போது அறை அவளுக்கு.

அடுத்த திங்கட்கிழமை வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. உங்கள் கடையில் மட்டும் நூற்றுக்கு நாற்பது பேருக்குப் பூஜ்யம் விழுகிறது, வேறு எந்தக் கடையிலும் பத்தைத் தாண்டவில்லை, வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வருவார், பதிவுகளை எடுத்து வையுங்கள் என்று எழுதியிருந்தது.

குழந்தைவேல் அதை இரண்டு தடவை படித்தார். "நம்ம கஸ்டமருக எல்லாம் நல்ல மனசுக்காரங்கன்னு நான் நெனச்சுட்டிருந்தேன். என்னன்னு பாரும்மா" என்று நோட்டீஸைத் தமயந்தியிடம் கொடுத்தார். நோட்டீஸ் கையில் இருந்தால் யாருடைய பதிவையும் திறந்து பார்க்கலாம். அது சட்டமே கொடுத்த சாவி.

அவள் தேடியது ஒரு பகல்தான். மத்தியானம் மூன்று மணிக்குக் கண்டுபிடித்துவிட்டாள். தப்பு அவளுடையது.

சேலைச்சந்தையில் வாங்குகிறவர்கள் வாயால் சொல்லித்தான் வாங்குவார்கள். கார்ட்டுக்குள் இருந்து ஒரு குரல் பதில் பேசும். அதற்கு 'அம்மிணி' என்று பேர். துணியின் மாதிரித் துண்டு வேண்டுமென்று கேட்டால் அம்மிணி இலவசமாக அனுப்பிவைக்கும். மாதிரி பார்த்து யோசித்து வாங்குகிறவர்களுக்கு ஒப்பீட்டு வரி கிடையாது, அது சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் நாலு வருஷத்துக்கு முன்னால் அவசர அவசரமாக ஒரு விதி எழுதினாள். 'மாதிரி' என்ற சொல் காதில் விழுந்தால், மாதிரித் துண்டு கேட்கிறார் என்று வைத்துக்கொள். வரி பூஜ்யம். அதற்குமேல் கேட்க வேண்டாம்.

அடக் கடவுளே! நம்ம ஊரில் 'மாதிரி' என்று சொல்லாமல் யார் பேசுகிறார்கள்? ஒரு மாதிரி இருக்கு என்பார்கள். சாயங்காலம் மாதிரி வாங்க என்பார்கள். அவ கட்டியிருந்த மாதிரி ஒண்ணு எடு என்பார்கள். அப்பட்டமான பொறாமையாக இருந்தாலும் வாயில் 'மாதிரி' வந்துவிட்டால் அம்மிணி காதை மூடிக்கொண்டு பூஜ்யம் போட்டது. தமயந்திக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆபீஸ் ஆட்கள் கேட்பார்களோ என்று வெட்கப்பட்டு அவள் எப்போதும் விரலால் தட்டித்தான் வாங்குவாள். வாய் திறந்திருந்தால் அவளுக்கும் பூஜ்யம் விழுந்திருக்கும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியானால் சாருலதாவின் பூஜ்யம்?

சாருலதாவின் பதிவைத் திறந்தாள். மூன்று வருஷத்தில் முப்பத்தொரு தடவை வாங்கியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நேரே, வாங்கும்போது சொன்ன வாக்கியம், 'மாதிரி' என்ற இடத்தோடு வெட்டப்பட்டு நின்றது.

'அம்மிணி, தமயந்தி அக்கா மாதிரி.'

'தமயந்தி அக்கா பை மாதிரி.'

'எங்க ஆபீஸ் அக்கா ஒருத்தங்க போட்டிருக்கற தோடு மாதிரி.'

முப்பத்தொன்றும் இதேதான். முப்பத்தொன்றிலும் தமயந்திதான்.

தமயந்தி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. மூன்று வருஷமாக யாரைப் பார்த்து இவள் வெந்துகொண்டிருந்தாளோ, அவள் அங்கே உட்கார்ந்து இவளைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள்! நெஞ்சு குளிர்ந்துபோனது. தன் பழைய கைப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பரவாயில்லையே, நல்ல பைதான் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை வரை அந்த மூன்று நாளும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டில், "சாரு, கத்திரிக்கா வறுவல் கொண்டாந்திருக்கேன், எடுத்துக்க கண்ணு" என்று டப்பாவை நீட்டினாள். சாருலதா பயந்தே போனாள். "என்னங்க்கா திடீர்னு?" என்று கேட்டுவிட்டு, ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அதிகாரியிடம் என்ன சொல்வது என்று தமயந்தி யோசித்தாள். தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். திருத்திவிட்டால் சாருலதாவின் பூஜ்யம் போய்விடும், பதவி இவளுக்கு வந்துவிடும். ஆனால் நிஜத்தைச் சொல்வதானால், பதவியைக்கூட அவள் அவ்வளவு நினைக்கவில்லை. அந்த முப்பத்தொரு வரியையும் நாலு பேர் முன்னால் யாராவது சத்தமாகப் படிக்க வேண்டும். குழந்தைவேல் கேட்க வேண்டும். இந்தப் பெண்ணுக்குத் தமயந்திமேல் இவ்வளவு பொறாமையா என்று மூக்கில் விரலை வைக்க வேண்டும். அது போதும் அவளுக்கு.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அதிகாரி வந்தார். பேர் ஷாஹிதா பேகம். நடுத்தர வயது, தூக்கம் போதாத கண்கள். குழந்தைவேலின் அறையில் சாருலதாவையும் சேர்த்து நாலு பேரும் உட்கார்ந்தார்கள். தமயந்தி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மாதிரி என்ற சொல்லையும், அவசரத்தில் எழுதிய விதியையும், அம்மிணி பாதியில் காதை மூடிக்கொண்டதையும் விளக்கினாள்.

"உதாரணத்துக்கு வெளிய போக வேண்டாங்க மேடம். எங்க சாருலதா பதிவே இருக்குது" என்றாள். குரலில் தேன் வழிந்தது. "நானே எதிர்பாக்கல."

சாருலதாவுக்கு முகம் வெளுத்துப்போனது. "அக்கா, அது வேண்டாங்க்கா" என்றாள்.

"உண்மைதானே கண்ணு? இதுல என்ன தப்பு?"

ஷாஹிதா பேகம் அந்தப் பட்டியலைப் படித்தார். குழந்தைவேல் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, எல்லாமே தமயந்திய பாத்துத்தானா!" என்றார். தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குச் சொர்க்கம்.

"இது பாதி வாக்கியம்மா" என்றார் அதிகாரி. "பாதி வாக்கியத்துக்கு நான் வரி போட முடியாது. நம்ம பாஷையில வேணும், வேணாம் எல்லாம் கடைசியிலதானே வரும்? ஒலிப்பதிவு இருக்குமே, முழுசாப் போடுங்க."

தமயந்தி போட்டாள். அவள் கையாலேயே போட்டாள்.

அறைக்குள் சாருலதாவின் குரல் கேட்டது. "அம்மிணி, தமயந்தி அக்கா மாதிரி மயில் பச்சை வேண்டாம். எனக்கு உசுரு அந்தக் கலருன்னா. ஆனா அக்கா போன மாசந்தான் எடுத்தாங்க. நானும் அதையே கட்டிட்டுப் போனா அவங்க மூஞ்சி சுருங்கிப் போயிரும். நாள் முழுக்கப் பேச மாட்டாங்க. வேற என்னமாச்சும் காட்டு. யாருக்கும் கண்ணு போகாத கலரா, இந்தச் சாம்பல்ல ஏதாச்சும்."

அதிகாரி அடுத்ததைப் போடச் சொன்னார்.

"தமயந்தி அக்கா பை மாதிரி வேண்டாம். அதுதான் நல்லா இருக்குது, ஆனா வேண்டாம். சின்னதா, சாதாரணமா ஒண்ணு குடு."

"எங்க ஆபீஸ் அக்கா ஒருத்தங்க போட்டிருக்கற தோடு மாதிரி கல் வெச்சது வேண்டாம். போன தடவ ஒரு கல் தோடு போட்டுட்டுப் போயி பட்டது போதும்."

ஏழாவதோடு அதிகாரி நிறுத்தச் சொன்னார். "மத்தத நான் ஆபீஸ்ல கேட்டுக்கறேன். இதுக்கு ஒப்பீட்டு வரி வராது. அடுத்தவங்களப் பாத்து வாங்கினாத்தான் வரி. அடுத்தவங்களுக்குப் பயந்து வாங்காம விட்டா அதுக்கு ஒண்ணும் கெடையாது. இந்தப் பொண்ணோட பூஜ்யம் அப்படியே இருக்கும்." எழுந்திருக்கும்போது தமயந்தியிடம் சொன்னார். "அந்த விதிய இன்னிக்கே மாத்துங்க. வாக்கியம் முடியற வரைக்கும் கேக்கட்டும்." பிறகு சாருலதாவிடம், "ஒண்ணாந் தேதி வரைக்கும் பூஜ்யமாவே இருங்கம்மா. அன்னிக்குக் காலையில இருக்கற சதவீதத்தைத்தான் நாங்க பாப்போம்" என்றார்.

தமயந்தி தன் இடத்துக்கு வந்தாள். காது இரண்டும் கொதித்தன. சேலைச்சந்தையில் மூன்று வருஷமாக அவள் பார்த்துப் பார்த்து வாங்கியதெல்லாம் என்ன? சாம்பல் சேலை, சின்னப் பை, கல் இல்லாத தோடு. தன் கண்ணுக்குப் பயந்து ஒருத்தி ஒதுக்கிவைத்த மிச்சம்மீதியை, தேவலோகத்துச் சாமான் என்று ஏங்கி ஏங்கி, இருபத்திரண்டு சதவீதம் எச்சாவும் கட்டி வாங்கியிருக்கிறாள். சாருலதாவுக்குப் பிடித்தது அவளிடம் இல்லை. இவளுக்குப் பிடித்தது ஏற்கெனவே இவளிடம் இருந்தது.

முதல் வேலையாக அந்த விதியைத் திருத்தினாள். இனி அம்மிணி வாக்கியம் முடியும்வரை காத்திருக்கும். வேணும் என்றால் வரி. வேண்டாம் என்றால் இல்லை. நாலு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு மேலே ஏற்றினாள்.

நாலு மணிக்குக் காபிக்கு எழுந்துபோனபோது கேன்டீனில் சாருலதா தனியாக நின்றிருந்தாள்.

"அக்கா, கோவமா?" என்று கேட்டாள்.

"நான் என்ன பூதமா, என்னப் பாத்து இப்படிப் பயந்திருக்க?"

"பயமில்லீங்க்கா." சாருலதா டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வந்த புதுசுல ஒரு கல் தோடு போட்டுட்டு வந்தேன். ஞாபகம் இருக்குதுங்களா? மூணு நாள் நீங்க எங்கூடப் பேசவே இல்ல. வேலை கத்துக்குடுக்கற ஒரே ஆளு நீங்கதான். உங்களுக்கு வலிக்காத மாதிரி இருந்துக்கலாம்னு அப்பறம் பழகிட்டேன். காலைல ஆபீஸுக்குள்ள வந்ததும் மொதல்ல உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். அது நல்லா இருந்துச்சுன்னா அன்னிக்கு நிம்மதி. ஆனா நான் எத வாங்குனாலும் பத்து நாள்ல நீங்களும் அதையே வாங்கிட்டு வந்து நின்னீங்க. எனக்குத் திக்குனு இருக்கும். இதுக்கும் கீழ எறங்கி எத வாங்கறதுன்னே தெரியாமப் போச்சுங்க்கா."

மன்னிச்சுக்கடி என்று சொல்ல நினைத்தாள் தமயந்தி. அது வரவில்லை. வேறொன்று வந்தது.

"நீ அந்த மயில் பச்சைய வாங்கு சாரு."

"அக்கா?"

"என்னப் பாக்காத. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். உனக்குப் புடிச்சிருக்குதுல்ல? இன்னிக்கே வாங்கு."

"நிசமாலுமாங்க்கா?"

"நிசமாத்தான் கண்ணு."

சொல்லும்போது மனசு சுத்தமாகத்தான் இருந்தது. தமயந்தி சத்தியம் பண்ணுவாள். படி இறங்கும்போதுதான், விதியைத் திருத்தி மேலே ஏற்றியாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. இனி அந்தப் பெண் வாயைத் திறந்து 'தமயந்தி அக்கா மாதிரி வேணும்' என்று முடித்தால், முதல் தடவையாக அவளுக்கு வரி விழும். ஒண்ணாம் தேதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. திரும்பி ஓடிப்போய், இரு, அடுத்த வாரம் வாங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும், நான் வேறு எதற்கு என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

ஒண்ணாம் தேதி காலை சாருலதா மயில் பச்சையில் வந்தாள்.

என்னத்தைச் சொல்ல! அந்த நிறம் அவளுக்காகவே நெய்தது. வரவேற்பிலிருந்து ஒவ்வொரு மேஜையாகத் தலைகள் திரும்பின. அவள் யாரையும் தேடாமல், யார் முகத்தையும் பார்க்காமல் நேராக நடந்துவந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குக் குழந்தைவேல் தலையில் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "ஏம்மா சாரு, அறிவிருக்குதா உனக்கு? அஞ்சு நாள் பொறுக்க முடியலையா? பதினாலு சதவீதம் விழுந்து பூஜ்யம் போயிருச்சே! பணங் கட்டறதுக்கு முன்னாடி கார்ட்டுல காட்டியிருக்குமில்ல?"

"காட்டுச்சுங் சார்."

"பாத்துட்டுமா அமுக்குன?"

"ஆமாங் சார்" என்றாள் சாருலதா. "பதினாலு பரவால்லைன்னு தோணுச்சு. மூணு வருஷமா பூஜ்யத்துக்கு நெறையக் குடுத்துட்டேனுங்க சார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டு, ஒளிவுமறைவில்லாத சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து தமயந்தி பார்த்ததே இல்லை.

சட்டப்படி அடுத்தது சீனியர். பதினொரு மணிக்குத் தமயந்தியின் பொருட்களைத் தனி அறைக்கு மாற்றினார்கள். கதவில் பேர் ஒட்டினார்கள். எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். சாருலதாவும் வந்து, "வாழ்த்துகள்ங்க்கா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

எல்லோரும் போனபிறகு தமயந்தி கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மயில் பச்சை தெரிந்தது. அதே சேலை அவள் வீட்டு அலமாரியில் இருந்தது. இரண்டே தடவை கட்டியது. தன் உடம்பில் அது ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. அதைக் கட்டிக்கொண்டு ஒருநாளும் அவள் இப்படிச் சிரித்ததில்லை.

கார்ட்டைத் திறந்தாள். இந்த முறை விரலால் தட்டவில்லை. யாருக்கும் கேட்காது, அறை அவளுடையது. "அம்மிணி" என்றாள். "சாருலதா மாதிரி..."

அம்மிணி காத்திருந்தது. வாக்கியம் முடியும்வரை கேட்க அதற்கு இப்போது தெரியும்.

"...மயில் பச்சைல ஒண்ணு."

"இதே சேலை உங்ககிட்ட ஏற்கெனவே இருக்குதுங்க" என்றது அம்மிணி. "ஒப்பீட்டு வரி இருபத்தெட்டு சதவீதம் வருதுங்க. அதுக்கு மேல சட்டத்துல இல்லீங்க. இருந்தும் வேணுமுங்களா?"

தமயந்தி கண்ணாடி வழியாக இன்னொரு தடவை பார்த்தாள்.

"வேணும்" என்றாள்.